அழுக்கை மட்டும்

"அழுக்கை மட்டும் எடுங்க சின்னம்மா, பெயிண்டு மேல கைய வெச்சறாதீங்க" என்று எழிலரசி போனில் சொல்லிவிட்டாள். சொல்வதற்கென்ன, கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இங்கே உடுமலைப்பேட்டையில், பின்வாசலில் பழைய கோரைப்பாயை விரித்து, அதன்மேல் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பக்கத்தில் குட்டை முக்காலியில் சேலையை ஏற்றிச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்சவேணிக்கல்லவா கஷ்டம் தெரியும். எது அழுக்கு, எது பெயிண்டு என்று எந்தச் சைக்கிளும் வாயைத் திறந்து சொல்வதில்லை. மட்கார்டு ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒட்டியிருக்கிறதே, அது சேறா, துருவா, இல்லை சீமையில் செய்தபோதே அடித்த ஏதாவது வர்ணமா? ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கத்தரித்து அரை வாளித் தண்ணீரில் கலக்கியாயிற்று. பனியன் வேஸ்ட்டை முக்கிப் பிழிந்தாயிற்று. கை மட்டும் போகமாட்டேன் என்கிறது. குத்துவிளக்கு என்றால் புளியும் சாம்பலும் வைத்து அழுத்தித் தேய்த்தால் தீர்ந்தது, வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அவள் கைக்குத் தெரிந்த சுத்தம் அந்தச் சுத்தம்தான். அறுபது வயதில் அந்தக் கையைக் கூப்பிட்டு, தேய்க்காதே, ஒற்றி எடு, பச்சைப்பிள்ளை முதுகில் வேர்க்குருவுக்குப் பவுடர் போடுவதுபோல ஒற்றி எடு என்றால் அது முழிக்காமல் என்ன செய்யும்? தன் பச்சைப்பிள்ளை என்று அது எங்கே கண்டது? அம்சவேணிக்குத் தங்கின பிள்ளை ஒன்றும் இல்லை. எழிலரசி அவளிடம் வந்து சேர்ந்தபோதே நாலாம் வகுப்பு, தானே குளித்துத் தானே பவுடர் போட்டுக்கொள்கிற பெண். அது கிடக்கட்டும், முதலில் பின் மட்கார்டு. அது பின்னால் இருக்கிறது, கெட்டாலும் சட்டென்று கண்ணில் படாது. ஒற்றினாள். துணியில் காவியாக வந்தது. இன்னொரு முறை ஒற்றினாள். கறுப்பாக வந்தது. அய்யோ, கறுப்பு. துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாசம் அடித்தது. பெயிண்டு இல்லை, பழைய எண்ணெய்தான். மூச்சை விட்டாள்.

எழில் எடுத்துக்கொண்டு போகப்போகிறாள். மத்தியானத்துக்குள் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போய் அவள் வீட்டுக் கூடத்தில் நிறுத்தப்போகிறாள். நியாயம்தான், அது அவள் அம்மா சைக்கிள். பெற்ற அம்மா பரிமளம். பரிமளம் நர்ஸாக இருந்தபோது, ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊரைவிட்டுப் போகிறபோது அவளிடம் கொடுத்துவிட்டுப் போன சீமைச் சைக்கிள். நடுவில் குறுக்குக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள், கறுப்பில் மெல்லிசாகத் தங்கக்கோடு ஓடும். அதில் ஏறி ஊர் ஊராகப் போய் ஊசி போட்டாளாம், பிரசவம் பார்த்தாளாம். கடைசியில் மஞ்சள்காமாலை வந்து ஒரே மாதத்தில் போய்விட்டாள். பிறகு தண்டபாணிக்கு இரண்டாந்தாரமாக அம்சவேணி இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது, முதல் தாரத்தின் சேலைகளை நாத்தனார்கள் பங்கு போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். சுவரில் ஒரு போட்டோவும் பின்வாசலில் இந்தச் சைக்கிளும்தான் மிச்சம். போட்டோவை அம்சவேணிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஸ்டூடியோக்காரன் சொன்னபடி மோவாயைத் தூக்கிக்கொண்டு, யாரோ மாதிரி இருந்தாள் அதில். சைக்கிள் அப்படியில்லை. இடதுபக்கத்துக் கைப்பிடி வலதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. பரிமளம் இடதுகைக்காரி என்று யாரும் சொல்லாமலே அம்சவேணிக்குத் தெரிந்துபோயிற்று. சீட்டின் உயரத்தைப் பார்த்தால் ஆள் தன்னைவிட ஒரு சாண் உயரம். ஒருநாள் வீட்டில் யாருமில்லாதபோது அந்தத் தேய்ந்த கைப்பிடியில் தன் கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை, பரிமளத்தின் விரல்கள் நீளம். வெட்கமாகிப்போய்க் கையை எடுத்துக்கொண்டாள். அவர்கூட ஒருதரம் கேட்டார், ஏ புள்ள, சாயங்காலம் மைதானத்துக்கு வா, சைக்கிள் பழக்கிவிடறேன் என்று. எனக்கெதுக்குங்க என்றுவிட்டாள். ஆசை இல்லாமலில்லை. அம்மா சீட்டில் சித்தி ஏறி உட்கார்ந்திருப்பதைப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை பார்த்துவிட்டால்? அந்த முகத்தை நினைத்தே ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். இப்போது அவரும் இல்லை. இன்னும் இந்த ரிம்மைத் தொடவே இல்லை, மணி பத்தாகப்போகிறது.

காற்று வேறு. ஆடி மாதம், கணவாய்க் காற்று தெருமண்ணை எல்லாம் வாரிக்கொண்டு வந்து ஈரத் துணிமேல் தூவுகிறது. ஒரு மணல் துணியில் ஒட்டியிருந்தால் போதும், இழுக்கிற இழுப்பில் கோடு கிழித்துவிடும். எழில் அதையும்தான் சொல்லியிருந்தாள். உப்புத்தாள் கூடாது, சீமெண்ணெய் கூடாது, எழுத்தும் கோடும் இருக்கிற இடத்தில் சோப்புகூடக் கூடாது, துருப்பிடித்த கம்பிக்கு ஓட்டல் பார்சல் வெள்ளித்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக. ஒவ்வொரு தடவையும் துணியை உதறி, விரலால் தடவிப் பார்த்து, அப்புறம் ஒற்றினாள். ரிம் வெள்ளித்தாளுக்கு வழிக்கு வந்தது. துரு இளகிப் பழுப்புத் தண்ணியாக வடிந்தது, உள்ளே அங்கங்கே வெள்ளையாகச் சிரித்தது. பரவாயில்லையே என்று அவளுக்கே ஒரு தெம்பு வந்தது. அப்போதுதான் வலையைப் பார்த்தாள். லேடீஸ் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு மேலே சேலை மாட்டாமலிருக்க நூலால் வலை பின்னியிருப்பார்கள். மட்கார்டு ஓட்டைகளிலிருந்து நடு அச்சுக்கு விசிறி மாதிரி இறங்கும். இத்தனை வருடமும் அதைத் தாண்டித்தான் பெருக்கியிருக்கிறாள், குனிந்து பார்த்ததில்லை. பாதி நூல் சீமை நூல், கறுப்பு. மீதிப் பாதி உள்பாவாடை நாடா. வெள்ளையாக இருந்திருக்கவேண்டும், இப்போது டீத்தூள் நிறம். அறுந்த இடத்திலெல்லாம் நாடாவை நுழைத்து முடிச்சுப் போட்டிருக்கிறாள் பரிமளம். சாதாரண முடிச்சில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்று சுற்றி, எதிர்ப்பக்கமாக இழுத்து இறுக்கி, மிச்சத்தை ஒட்டக் கத்தரித்த முடிச்சு. புண்ணுக்குத் தையல் போடுகிறவர்கள் போடுவது. ஈரத்துணி கையிலேயே நின்றுவிட்டது. இது அழுக்கா? பார்த்தால் அழுக்குதான், தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். துவைத்தால் வெளுக்கும். ஆனால் அந்த முடிச்சை இழுத்தபோது பரிமளத்தின் விரலில் ஏதாவது இருந்திருக்கும், ஆஸ்பத்திரி டெட்டால், செயின் கிரீஸ், பிள்ளைக்குச் சோறு பிசைந்த நெய். அது அதற்குள்ளே போய் ஊறியிருக்குமே. அதைப்போய் ஷாம்பு போட்டு அலசுகிறதா? வேண்டாம். அப்படியே இருக்கட்டும். அவள் போட்டது அவள் பிள்ளைக்குப் போகட்டும். நாடாவின்மேல் படாமல், மட்கார்டை மட்டும் விரல்நுனித் துணியால் ஒற்றிக்கொண்டு வந்தாள். முதுகு விண் விண் என்றது.

சங்கடம் தங்கக்கோட்டில் வந்தது. சட்டத்தின் நெடுக இரண்டு கோடு, மயிர் கனம்கூட இருக்காது, அதன்மேல் பிசின்போல ஒரு மங்கல் படிந்து கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வெறும் தண்ணீர் தொட்டாள், அசையவில்லை. பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டுத் தையல்மிஷின் எண்ணெய் தொட்டாள், மங்கல் இன்னும் பரவிற்று. ஷாம்பு கூடாது. வேறென்ன செய்கிறது என்று யோசித்துக்கொண்டே, யோசிக்காமலே, முந்தானை நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி ஒரு துடை துடைத்தாள். துடைத்த இடத்தில் கோடு பளிச்சென்று எழுந்து வந்தது. வந்த பிறகுதான் புத்திக்கு உறைத்தது, எச்சில். செத்தவள் பொருளில் எச்சிலை வைத்துவிட்டோமே. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாராவது பார்த்தார்களா என்று மதில்மேல் கண் போயிற்று, யார் பார்க்கப்போகிறார்கள். இந்த முந்தானைப் புத்தி ஒன்று போகமாட்டேன் என்கிறதே அவளுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற அவசரத்தில், வாயோரம் பால் ஒட்டியிருக்கிறதே என்று இதேபோல முந்தானையை நாக்கில் தொட்டு அவள் வாயைத் துடைத்தாள். எழில் விடுவிடென்று குழாயடிக்குப் போய்த் தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக் கழுவினாள், சட்டையெல்லாம் நனையக் கழுவினாள், அப்படியே ஈரச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனாள். அன்றைக்கு முழுக்க அம்சவேணிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைமேல் கோபமில்லை. அம்மா எச்சில் மட்டும்தான் எச்சில் இல்லை, மற்றவர்களுடையது எச்சில்தானே, பிள்ளைக்கென்ன தெரியும், உள்ளதைச் செய்தது. அதிலிருந்து அவளைத் தொடுகிறபோதெல்லாம் கை ஒரு கணம் நின்று கேட்டுக்கொண்டுதான் போகும். தலை வாரிவிடும்போது, காய்ச்சலுக்கு நெற்றியில் பத்துப் போடும்போது, அவள் பிரசவத்துக்கு மூன்று மாதம் கூட இருந்து வெந்நீர் ஊற்றியபோதுகூட. ஊற்றட்டுமா அம்மிணி? ஊற்றுங்க சின்னம்மா. கேட்டுக் கேட்டே முப்பது வருடம் ஓடிப்போயிற்று. சரி, கோடு வந்துவிட்டது, பாதி பளிச்சென்றும் பாதி மங்கலாகவும் விட முடியுமா? பரிமளம், மன்னிச்சுக்கம்மா என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, முந்தானையை நாக்கில் தொட்டாள். இந்த முறை தெரிந்தே. அரை விரல்கடை, இன்னும் அரை விரல்கடை. பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரியே துடைத்துக்கொண்டு போனாள். சைக்கிள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாய் உலர்ந்து போயிற்று, எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

வரும்போதுதான் அடுக்களைக் கடிகாரம் கண்ணில் பட்டது, பதினொன்றரை. வேலை முக்கால்வாசி முடிந்தது. முடிந்தது என்றதும் அந்த நினைப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அது வந்துகொண்டேதான் இருக்கிறது, இவள்தான் மணல், துரு, கோடு என்று அதன்மேல் எதையாவது போட்டு மூடிக்கொண்டிருக்கிறாள். இது போய்விட்டால் எழில் இங்கே எதற்கு வருவாள்? அதுதான். சொல்லியாயிற்று. மனசுக்குள்ளேதான், ஆனாலும் சொல்லியாயிற்று. அப்பா இருந்தவரை அப்பாவைப் பார்க்க வந்தாள். அப்பா போனபிறகு மாதாமாதம் அமாவாசைக்கு வந்தாள், படையல் போட, காக்கைக்குச் சோறு வைக்க. போன மாதம் தலைத்திவசமும் ஆயிற்று. வந்த உறம்பரை, சொந்தபந்தமெல்லாம் இலை போட்டுச் சாப்பிட்டுப் போனபிறகு பின்வாசலில் வந்து நின்று சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சின்னம்மா, இதை நான் எடுத்துக்கட்டுங்களா என்றாள். எடுத்துக்க அம்மிணி, உன்றதுதான என்று இவளும் உடனே சொல்லிவிட்டாள். சொன்ன வாய் இவளுடையதுதான். ஒரு வார்த்தை யோசித்திருக்கலாம். பெற்றவளுடைய கடைசிப் பொருளையும் எடுத்துக்கொண்டு போகிறவள் திரும்பி எதற்கு வருவாள், எதைப் பார்க்க வருவாள், பெறாதவளையா? பஸ் ஏறி, இரண்டு மணி நேரம் இடிபட்டு, ரசம் குடித்துவிட்டுப் போகவா? இவள் ரசம் எழிலுக்குப் பிடிக்கும், அது உண்மை. ரசத்துக்காக யாரும் உறவு வைத்துக்கொள்வதில்லை. போனில் கூப்பிடுவாள், தீபாவளிக்குச் சேலை அனுப்புவாள், குறை வைக்கமாட்டாள், தங்கமான பிள்ளை. அப்புறம் போனும் வாரத்துக்கொன்று, மாதத்துக்கொன்று என்று. இந்த வீட்டில் குழம்பு வைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது இப்போதே. டயரில் ஓர் ஆணி குத்தியிருக்கக் கூடாதா, செயின் இறுகிப்போய், சின்னம்மா இன்னொரு நாளைக்கு எடுத்துக்கறேன் என்று சொல்லும்படி ஏதாவது ஆகக் கூடாதா என்று ஓடிற்று புத்தி. சீ என்று தானே அதட்டிக்கொண்டாள். அதற்காக வேலையை வேகமாகவும் செய்யவில்லை. பெல்லை மட்டும் ஒரு யுகம் துடைத்தாள். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக, பிள்ளைக்கு விரல் எண்ணச் சொல்லித் தருகிறவளைப்போல, இது துடைத்தாயிற்றா, மறுபடி துடை.

மிச்சமிருந்தது முன்பக்கம், ஹேண்டிலுக்குக் கீழே கம்பெனி முத்திரை இருக்கும் குழாய். அதைத்தான் காலையிலிருந்து பார்க்காத மாதிரி விட்டுக்கொண்டு வந்தாள். முத்திரைக்கு மேலே ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து, அடுக்கடுக்காய், கெட்டித்துப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. இது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அவள் வைத்தது. வந்த வருடமே, அரிவாள்மனைக்கும் அம்மிக்கும் அவர் மொபெட்டுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், பின்வாசலில் இது மட்டும் மூளியாக நிற்கிறதே என்று மனசு கேட்காமல் ஒன்று வைத்துவிட்டாள். அவர் பார்த்தார், பேசாமல் போனார். எழில் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள், அவளும் பேசவில்லை. அது பாட்டுக்கு வருடாவருடம் நடந்துகொண்டு வந்தது. பழையதைத் துடைத்துவிட்டுப் புதியது வைக்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை, மேலே மேலே வைத்தாள். அழுக்கை மட்டும் எடுங்க. மற்றதெல்லாம் பரிமளத்தினுடையது, இல்லையென்றால் எழில் இதில் பள்ளிக்கூடம் போய் விழுந்து எழுந்து வாங்கின கீறல். இது ஒன்றுதான் இவளுடையது. அப்படியானால் இதுதான் அழுக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்தபோது இந்தப் பொட்டா இருந்தது? இன்னொரு பயமும் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதானே குங்குமம். இத்தனை வருடம் ஒட்டிக்கொண்டு இருந்ததில் உள்ளே பெயிண்டைத் தின்றிருந்தால்? ஒரு கண்ணாக ஓட்டை விழுந்திருந்தால், அதை எழில் பார்த்தால்? அம்மா சைக்கிளில் சின்னம்மா போட்ட ஓட்டை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து அதன்மேல் போட்டு, உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஊறட்டும் என்று. கண்ணை மூடிக்கொண்டாள். கைக்குக் கீழே மெதுவாக இளகிற்று, காய்ந்த சந்தனம் திடீரென்று இன்றைக்கு அரைத்தது மாதிரி மணத்தது. அந்த மணத்தில் அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலில்லை, நன்றாகத் தெரிந்தேதான் அழுதாள், மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு. துணியை எடுத்தபோது பொருக்கு முழுசாக அதோடு வந்துவிட்டது. உள்ளே ஓட்டை இல்லை. உள்ளே கறுப்பு. எப்பேர்ப்பட்ட கறுப்பு. வெயில் படாமல், மழை படாமல், முதல் பொட்டு வைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி, அதில் இரண்டு தங்கக்கோடும் வளைந்து கூடுகிற இடம் சொட்டுக் குறையாமல். மொத்தச் சைக்கிளிலும் கெடாமல் இருந்த ஒரே இடம் இவள் பொட்டு வைத்த இடம்தான். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஒரு வட்டம் மட்டும் தனியாகத் தெரிகிறதே, எழில் என்ன சொல்வாளோ என்றுதான் முதலில் கவலைப்பட்டாள்.

வாசலில் குட்டியானை லோடு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. சந்துவழியாகவே எழிலரசி பின்பக்கம் வந்துவிட்டாள், வண்டிக்காரர் பின்னாலேயே. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாயில் மண்டியிட்டவள், வந்தேன் என்றுகூடச் சொல்லாமல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு இடிக்கிற கிட்டத்தில். அம்சவேணி ஈரத்துணியை முறுக்கிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவதை எதிரே நின்று பார்க்கிற பிள்ளையைப்போல நின்றாள். நாடாவை எழில் விரலால் தொட்டாள்.

"இதைத் தொவைக்காம உட்டுட்டீங்க."

"உங்கம்மா கட்டுனது அம்மிணி."

எழில் தலையாட்டினாள். தங்கக்கோட்டோடு விரல் மேலே போயிற்று, முன்பக்கம் வந்தது, நின்றது.

"இங்க இருந்த சந்தனம் எங்கீங் சின்னம்மா?"

"எடுத்துட்டேன். அது நான் வெச்சது. நீதான அழுக்கை மட்டும் எடுக்கச் சொன்னே."

"அது அழுக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது. வண்டிக்காரர் ஓரமாக நகர்ந்து நின்றார். அம்சவேணிக்குப் புரியவில்லை. துடைத்ததற்கா கோபம், இத்தனை நாள் வைத்ததற்கா? எதற்காக இருந்தாலும் இனிமேல் கேட்காமல் இருக்க முடியாது, இந்தப் பிள்ளை இப்போது வண்டி ஏறிவிடும். கேட்டுக் கேட்டு வாழ்ந்தவள், இதை மட்டும் கேட்காமல் விடுவதா?

"இனி நீ வருவியா அம்மிணி?"

"என்னங்க?"

"சைக்கிளும் போயிட்டா உனக்கு இங்க என்ன இருக்குது. அப்பாவும் இல்ல. நான் என்ன, உன்னப் பெத்தனா வளத்தனா..." வளத்தேன் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நின்றுவிட்டாள். "நீ வரமாட்டீன்னுதான் காலையில இருந்து இதையே தொடைச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

எழில் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். அப்புறம் கழற்றியே விட்டாள். பாயில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள், நாலாம் வகுப்பில் சோற்றுக்கு உட்காருவாளே, அப்படி.

"நானே உங்களக் கேக்கோணும்னு இருந்தேன். திவசத்தன்னைக்கு உங்கண்ணன் சமையல்காரர்கிட்டச் சொல்லீட்டிருந்தாரு. தங்கச்சிய இனிக் காங்கயத்துக்கே கூட்டிட்டுப் போயர்றோம், அவளுக்கு இங்க யாரு இருக்கறான்னு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல."

"அவன் பேசுனதா? அவன் பேசறத நான் எப்ப அம்மிணி காதுல வாங்கிருக்கறேன். பாயசம் அடிப்புடிச்சிருச்சோன்னு பாத்துட்டு நின்னேன்."

"எனக்கென்ன தெரியும்? நீங்க ஊட்டைப் பூட்டிட்டு அங்க போயிட்டா நான் எங்க வர்றது? உங்கண்ணன் ஊட்டுக்கு நான் எந்த மொறையில வர்றது சின்னம்மா? அங்க நான் யாரு?" மூக்கை உறிஞ்சினாள். "அதான் இதையாச்சும் கொண்டுபோயிரலாம்னு கேட்டேன். இதுலதான் ரெண்டு பேரும் இருந்தீங்க. அதுல ஒண்ணப் போய்ச் சொரண்டி எடுத்துட்டு அழுக்குங்கறீங்க."

அம்சவேணி முக்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் என்றாளே. இவளையும் சேர்த்தா? சேர்த்துத்தான், வேறு யார் இருக்கிறார்கள். முப்பது வருடம் கதவுக்குப் பின்னால் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை இதையா பார்த்துக்கொண்டிருந்தது? பேசியிருக்கலாமே அம்மிணி. இவள் மட்டும் பேசினாளா? எழிலின் கன்னத்தில் கறுப்பாகத் தீற்றியிருந்தது, சைக்கிளைத் தொட்ட கையால் கண்ணைத் துடைத்திருக்கிறாள். அம்சவேணி முந்தானை நுனியை நாக்கில் தொட்டு, ஒரு கணமும் நிற்காமல், அந்தக் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். எழில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்தலாங்களா?" என்றார் வண்டிக்காரர், எவ்வளவு நேரம்தான் மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார் பாவம்.

"வேண்டாங், இங்கயே இருக்கட்டும்" என்றாள் எழில்.

"ஏத்துப்பா" என்றாள் அம்சவேணி. "இங்க கெடந்தா காத்துலயும் மண்ணுலயும் கெடக்கோணும். நீ கொண்டுபோய் நல்லா ஓட்டு அம்மிணி. சும்மா கூடத்துல நிறுத்தி வெச்சுப் பாக்கறதுக்கா உங்கம்மா வெச்சிருந்தா?"

வண்டிக்காரர் சைக்கிளைத் தூக்கி மேலே படுக்க வைக்கப் போனார். படுக்க வைக்காதப்பா என்று அம்சவேணியிடமிருந்து ஒரு சத்தம். நிமிர்த்தி நிறுத்தினார், நைலான் கயிற்றை எடுத்துச் சட்டத்தில் சுற்றப் போனார். அய்யய்யோ என்று இன்னொரு சத்தம், கயிறு உராய்ந்தால் கோடு போய்விடும். சாக்கு வைத்துக் கட்டுகிறேன் என்றார். சாக்கும் மணலும் ஒன்றுதான், அவருக்கென்ன தெரியும். அம்சவேணி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முக்காலியை வண்டிக்குப் பின்னால் போட்டு, அதில் ஏறி, பிடித்து, முட்டி போட்டு, ஒருவழியாக வண்டிக்குள் போய்ச் சேர்ந்தாள். சைக்கிளை நிமிர்த்தித் தன் மடிமேல் சாய்த்துக்கொண்டு பலகையில் முதுகை வைத்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். எழில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோயமுத்தூர் வரைக்குமா? எறங்குங்க சின்னம்மா, முன்னாடி சீட்டு இருக்குது."

"நீ போய்க் கதவைப் பூட்டு. சாவிய நீயே வெச்சுக்க அம்மிணி, எனக்கு இதைப் புடிக்க ரெண்டு கையும் வேணும்."